உடனடிக் காரணம் என்ற கேள்வியை எடுத்துவிடுங்கள்

வரலாற்றுப் பாடநூல் எழுதும் பெருமக்களுக்கும், ஆண்டுதோறும் வினாத்தாள் அமைக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

காவிரியின் கடைமடையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் எழுதுகிறேன். விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்கார்ந்து சிவப்பு மையில் நான் போட்ட சரிக் குறிகளில் பாதியாவது ஒரே விடைக்குப் போட்டவையாக இருக்கும்: 'கொழுப்பு தடவிய தோட்டாக்கள்.' 1857 புரட்சிக்கு உடனடிக் காரணம் யாது? கொழுப்பு தடவிய தோட்டாக்கள். ஒரு மதிப்பெண். முதல் உலகப் போருக்கு உடனடிக் காரணம் யாது? சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டது. ஒரு மதிப்பெண். வேலூர்ப் புரட்சிக்கு? புதிய தலைப்பாகை. அதற்கும் ஒன்று.

ஒரு முறை ஒரு மாணவன் தோட்டாவைப் பற்றி எழுதவே இல்லை. 'சிப்பாய்களின் ஊரில் நிலத்தைப் பிடுங்கினார்கள், அதனால் கோபம்' என்று எழுதியிருந்தான். விடைக்குறிப்பில் அது இல்லை. முதன்மைத் தேர்வாளரிடம் கேட்டேன். "குறிப்பில் இல்லாததற்கு நீங்கள் எப்படி மதிப்பெண் போடுவீர்கள்?" என்றார். நான் பூஜ்யம் போட்டேன். அந்தப் பையன் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பூஜ்யத்தைப் போட்ட கை என்னுடையது. இந்த மடலை எழுத வைத்தது அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் எழுதியது தவறா? கிழக்கிந்தியக் கம்பெனியார் அயோத்தி (அவத்) அரசை விழுங்கியது 1856-இல். வங்காளப் படையின் சிப்பாய்களில் பெரும் பகுதியினர் அந்த அயோத்தி நாட்டு உழவர் வீட்டுப் பிள்ளைகள். அரசு கைமாறியதும் புதிய நிலவரித் தீர்வை வந்தது. தாலுக்தார்கள் என்ற பெரும் நிலக்கிழார்கள் கிராமங்களை இழந்தார்கள். வரிச்சுமையைப் பற்றி வீட்டிலிருந்து பாசறைக்குச் செய்தி போய்க்கொண்டே இருந்தது. அடுத்த ஆண்டு தோட்டா உறையைப் பல்லால் கடிக்கச் சொன்னார்கள். தமிழில் 'போர்' என்ற சொல்லுக்கு யுத்தம் என்றும் பொருள், வைக்கோல் குவியல் என்றும் பொருள். நாம் தீக்குச்சியைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு, அந்தப் போரை அடுக்கியவர் யார், எத்தனை ஆண்டுகளாக அடுக்கினார் என்று கேட்காமல் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம்.

'நீண்டகாலக் காரணங்கள்' என்று தனித் தலைப்பில் கொடுத்திருக்கிறோமே என்பீர்கள். உண்மைதான்: அரசியல் காரணம், பொருளாதாரக் காரணம், சமூகக் காரணம், சமயக் காரணம் என்று பெட்டி பெட்டியாக அடுக்கியிருப்பீர்கள். ஆனால் பிள்ளைகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். ஒரு மதிப்பெண் வினாவில் எது வரும் என்று அவர்களுக்குத் தெரியும். பெட்டியை மறந்துவிட்டுத் தோட்டாவை மனப்பாடம் செய்வார்கள். பெரியவர்களான பிறகும் தோட்டாதான் நினைவில் நிற்கும்.

இதில் யாருக்கு ஆதாயம் என்று பாருங்கள். 'உடனடிக் காரணம்' என்ற சட்டகத்துக்குள் வைத்தால், எழுந்தவர்கள் எல்லோரும் சட்டெனச் சினம் கொள்பவர்களாகவும் வதந்தியை நம்புகிறவர்களாகவும் தெரிவார்கள். ஆண்டவர்கள் கொஞ்சம் கவனக்குறைவானவர்களாகத் தெரிவார்கள், அவ்வளவுதான். 1806 ஜூலை 10-ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். கம்பெனி அதை அடக்கியது. பிறகு தலைப்பாகை உத்தரவைத் திரும்பப் பெற்றது. கவர்னர் வில்லியம் பெண்டிங்கையும் படைத்தலைவர் ஜான் கிரடாக்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. தலைப்பாகையைத் திரும்பப் பெறக் காசு செலவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் பாளையக்காரர்களிடமிருந்து பறித்த நிலத்தையும், வேலையிழந்த அவர்களுடைய வீரர்களின் பிழைப்பையும் யாரும் திரும்பத் தரவில்லை. காரணத்தைச் சிறியதாக்கினால் பரிகாரமும் சிறியதாகிவிடும். ஆண்டவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும், நமக்குத்தான் தெரியவில்லை.

எங்கள் பக்கத்துச் சான்று ஒன்றைச் சொல்கிறேன். காவிரிப் படுகையில் கொறுக்கை என்ற ஊர்க் கோயிலில் 1429-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. விஜயநகர ஆட்சிக் காலம். வலங்கை 98 சாதியாரும் இடங்கை 98 சாதியாரும் ஒன்றாகக் கூடி எடுத்த முடிவை அதில் வெட்டியிருக்கிறார்கள். வலங்கை, இடங்கை என்ற இந்த இரு சாதித் தொகுப்பினரும் தெருவில் தேர் போகும் வழிக்காகவும் கொடிக்காகவும் அடித்துக்கொண்டவர்கள் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். அவர்கள் ஒன்றாக உட்கார்ந்து சொன்னதன் சாரம் இதுதான்: விளைச்சலைப் பார்க்காமல் அநியாயமாக வரி தண்டினார்கள், ஊரைவிட்டு ஓடிப்போக நினைத்தோம், நாங்கள் ஒன்றாக இல்லாததால்தான் இப்படி நடந்தது என்று பிறகு உணர்ந்தோம், இனி விளைச்சலுக்கு ஏற்ற நியாயமான வரியை மட்டுமே செலுத்துவோம். அதிகாரிகளோடு நிலவுடைமையாளர்கள் சேர்ந்துகொண்டு நெருக்கினார்கள் என்ற முறையீடு அக்காலத்துக் கல்வெட்டுகளில் வருகிறது.

அறுநூறு ஆண்டுகளுக்கு முன் கல்லில் எழுதியவர்களுக்கு 'உடனடிக் காரணம்' தேவைப்படவில்லை. வரி, விளைச்சல், சேர்ந்துகொண்டவர்கள், தங்களுடைய பிளவு என்று நான்கையும் நேராகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்தக் கல்வெட்டுகள்தான் நல்ல வரலாற்று விடைத்தாள். முழு மதிப்பெண் போடுவேன்.

இப்போது அதே படுகையில் 1968-க்கு வருகிறேன். கீழ்வெண்மணி. டிசம்பர் 25 இரவு. அன்றைய கிழக்குத் தஞ்சையில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், ஓட முடியாத முதியவர்கள். எல்லோரும் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர். 'உடனடிக் காரணம்' என்ன என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் எவரும் சொல்லிவிடுவார்கள்: அரைப்படி நெல். கூலியில் அரைப்படி கூட்டிக் கேட்டார்கள். 'கூலித் தகராறு' என்று இன்றும் படித்தவர்கள் வாயில் வருகிறது. தகராறு என்றால் இரண்டு பேர் சமமாக நின்று வாதாடுவது. பேருந்தில் சில்லறைக்கு நடப்பது தகராறு.

அரைப்படிக்காக 44 உயிரா என்று மாணவர்கள் வாய்பிளப்பார்கள். அந்த வியப்பு தப்பான வியப்பு. அரைப்படி கொடுப்பது மிராசுதாருக்குப் பெரிய காரியமே இல்லை. கேட்டதுதான் பெரிய காரியம். அதைப் புரியவைக்கக் குறைந்தது நூறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

1843-இல் கம்பெனி அரசு ஐந்தாவது சட்டத்தைக் கொண்டுவந்தது. இன்னார் என் அடிமை என்று உரிமை கோரி வருகிறவரின் வழக்கை நீதிமன்றம் இனி ஏற்காது என்பது அதன் சாரம். அடிமை வைத்திருப்பது குற்றம் என்றானது இந்திய தண்டனைச் சட்டம் 1862-இல் நடைமுறைக்கு வந்த பிறகுதான். இரண்டு சட்டங்களும் அடிமைக்கு ஒரு குழி நிலம் தரவில்லை. கோர்ட்டில் அடிமை இல்லாமல் போனான். வயலில் அவனுக்குப் பண்ணையாள் என்று பெயர் வந்தது. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் வாங்கிய கடன் அவனை அதே பண்ணையில் கட்டிப்போட்டது. குடிசை மிராசுதாரின் மனைக்கட்டில் இருந்தது. கூலி நெல்லாக வந்தது, அந்த நெல்லை அளக்கும் மரக்கால் மிராசுதார் வீட்டில் இருந்தது. பெரும் நிலம் வைத்திருந்தவர்கள் தனி ஆட்கள் மட்டுமல்லர். கோயில்களும் மடங்களும் உண்டு. எதிர்த்துப் பேசினால் சவுக்கடி, சாணிப்பால். சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பதற்குப் 'பால்' என்று பெயர் வைத்தவன் எவ்வளவு நிம்மதியாக இருந்திருப்பான் என்று நான் வகுப்பில் கேட்பதுண்டு.

எங்கள் ஊர்களில் நெல் அளக்கும்போது 'ஒன்று' என்று தொடங்கமாட்டார்கள். முதல் மரக்காலுக்கு 'லாபம்' என்பார்கள், அடுத்துத்தான் 'இரண்டு'. களத்தில் நின்ற பண்ணையாள் வாழ்நாள் முழுவதும் இந்த 'லாபம்' என்ற குரலைக் கேட்டுக்கொண்டிருந்தான். அளப்பதற்கு ஒரு மரக்கால், கொடுப்பதற்குச் சற்றுச் சிறிய இன்னொரு மரக்கால் என்று வைத்திருந்த வீடுகளைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1943 வாக்கில் தென் கன்னடப் பக்கத்திலிருந்து பி. சீனிவாசராவ் என்ற கம்யூனிஸ்ட் இங்கே வந்தார். பண்ணையாட்களைச் சங்கமாகச் சேர்த்தார். 1944-இல் மன்னார்குடியில் மிராசுதார்களோடு ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதில் என்ன கேட்டார்கள் என்று பாருங்கள்: சவுக்கடியும் சாணிப்பாலும் நிற்க வேண்டும், முத்திரை குத்திய மரக்காலில் கூலி அளக்க வேண்டும். நிலத்தைக் கேட்கவில்லை. அளவு சரியாக இருக்க வேண்டும், அடிக்கக் கூடாது, அவ்வளவுதான் கேட்டார்கள். பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் எத்தனையோ உடன்படிக்கைகளுக்கு நடுவில் இதற்கும் ஒரு வரி இருந்தால் என்ன?

1952-இல் ராஜாஜி அரசு தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. கூலியை உயர்த்தியது, நினைத்தபோது பண்ணையாளை வெளியேற்றக் கூடாது என்றது. சட்டத்துக்குப் பதில் மிராசுதார்களிடம் இருந்தது: பண்ணையாள் என்ற உறவையே கைகழுவினார்கள், தினக்கூலிக்கு ஆள் வைத்தார்கள். சட்டம் பண்ணையாளைப் பாதுகாத்தது. களத்தில் பண்ணையாளே இல்லை.

அறுபதுகளில் தஞ்சை மாவட்டம் தீவிர விவசாயத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. உரம், கடன், புதிய விதை எல்லாம் வந்தன. ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் வயல்களை நிறைத்தது. விளைச்சல் பெருகியது. களத்தில் குவியல் உயர்ந்ததை அறுத்துக் கட்டித் தூக்கியவன் பார்த்துக்கொண்டுதானே இருந்தான்? அவன் கூலியில் பங்கு கேட்டான். மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று ஒன்று அமைத்துக்கொண்டார்கள். செங்கொடியை இறக்கு, உங்கள் சங்கத்தை விட்டு எங்கள் சங்கத்துக்கு வா என்றார்கள். வராத ஊர்களுக்கு வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். வந்தவர்களும் ஏழைகளே. ஏழையை ஏழைக்கு எதிரே வரப்பில் நிறுத்துவது மிகப் பழைய வித்தை; வலங்கை இடங்கைக் காலத்திலும் செல்லுபடியானது அதுதான்.

அரைப்படி இந்தக் குவியலின் மேல் நுனி. இதைச் சொல்லாமல் அரைப்படியைச் சொன்னால், செத்தவர்கள் அற்பத்துக்குச் செத்ததாக ஆகிவிடும்.

அன்றைய மோதலில் மிராசுதார் தரப்பிலும் ஒருவர் கொல்லப்பட்டார். அதை மறைக்க வேண்டியதில்லை. அந்த வழக்கில் தொழிலாளர்கள் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனார்கள். குடிசை எரிப்பு வழக்கில் கீழ் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களுக்குத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரும் நிலக்கிழார்கள் நடந்து போய்த் தாங்களே தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற பொருளில் அத்தீர்ப்பு சொன்னது. காரும் சாட்சிக் கூண்டில் ஏறி மிராசுதாருக்காகச் சாட்சி சொன்ன வழக்கு அது. செல்வமும் அதிகாரமும் எப்படி வேலை செய்கின்றன என்று இரண்டு பக்கம் விளக்குவதைவிட அந்த ஒரு வாதத்தைப் பாடத்தில் வைத்தால் போதும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கிவிடும்.

இது தஞ்சாவூர்க் கதை மட்டும் என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகக் கடல் கடந்த ஒரு கணக்கையும் சொல்கிறேன். ஹைட்டியில் கரும்புத் தோட்ட அடிமைகள் 1791-இல் எழுந்தார்கள். பதிமூன்று ஆண்டுகள் போரிட்டு 1804-இல் விடுதலை பெற்றார்கள். பாடம் பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும். 1825-இல் பிரான்சின் போர்க்கப்பல்கள் ஹைட்டித் துறைமுகத்துக்கு வந்தன. எங்கள் சொத்தை இழந்தோம், 150 மில்லியன் பிராங்க் நட்ட ஈடு கொடுத்தால் உங்களை நாடாக ஏற்போம் என்றார்கள். அந்தச் 'சொத்தில்' கடனைக் கட்டப்போகிறவர்களும் அடக்கம். தொகையைப் பிறகு 90 மில்லியனாகக் குறைத்தார்கள். அதைக் கட்டுவதற்குப் பாரிஸ் வங்கிகளிலேயே கடன் வாங்க வேண்டியிருந்தது. கடனை அடைக்கக் கடன் என்று தொடர்ந்த அந்தச் சங்கிலி 1947 வரை நீண்டது. பிரிட்டனும் 1833-இல் அடிமை முறையை ஒழித்தபோது இரண்டு கோடி பவுன் ஈட்டுத் தொகை கொடுத்தது. அடிமைகளுக்கு அல்ல, உடைமையாளர்களுக்கு. அதற்காக வாங்கிய கடனின் மிச்சத்தை பிரிட்டிஷ் அரசு 2015-இல்தான் தீர்த்தது. சண்டையில் தோற்றவன் நட்ட ஈடு கட்டுவான் என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோம். ஹைட்டியில் வென்றவன் கட்டினான். இதற்கு எந்தப் பெட்டியில் இடம் வைத்திருக்கிறீர்கள்?

இன்னொரு குறை இலக்கணம் பற்றியது. எங்கள் பள்ளித் தமிழாசிரியர் ஒருவர் என் பாடநூலை வாங்கிப் புரட்டிவிட்டு, "உங்கள் புத்தகத்தில் எழுவாயே கிடையாதா?" என்று கேட்டார். நிலங்கள் பறிக்கப்பட்டன. வரி உயர்த்தப்பட்டது. பஞ்சம் ஏற்பட்டது. கலவரம் வெடித்தது. குடிசைகள் எரிந்தன. பறித்தவன் யார், உயர்த்தியவன் யார்? எரித்தவர்களை எழுதாமல் குடிசை தானே எரிந்ததாக எழுதுகிறோம். ஒடுக்கப்பட்டவர்கள் எழும்போது மட்டும் எழுவாய் ஒழுங்காக வந்துவிடுகிறது: சிப்பாய்கள் கொன்றனர், விவசாயிகள் தாக்கினர். செயப்பாட்டு வினை பணக்காரர்களுக்கு மட்டும் கிடைக்கும் சலுகை போலிருக்கிறது. சிரித்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

பழைய பகையைப் பிள்ளைகளிடம் கிளறலாமா என்று நீங்கள் தயங்குவது எனக்குத் தெரியும். நானும் தயங்கியிருக்கிறேன். என் வகுப்பில் பெரிய பண்ணை வீட்டுப் பேரனும், அதே பண்ணையில் நடவு நட்ட பாட்டியின் பேத்தியும் அடுத்தடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஓர் ஆண்டு துணிந்து கரும்பலகையில் ஓர் அட்டவணை போட்டேன். நிலம் யாருடையது, குடிசை நிற்கும் மனை யாருடையது, வாய்க்கால் மடையைத் திறப்பவர் யார், நெற்களஞ்சியச் சாவி யாரிடம், மரக்கால் யார் கையில். எல்லாவற்றுக்கும் ஒரே விடை வந்தது. பிறகு, "மூன்று நாள் வேலைக்குப் போகாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். முதலில் கை தூக்கியவன் பண்ணை வீட்டுப் பையன்தான். "வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்கள் சார்" என்றான். குடியிருப்பு மனையை அதில் வாழ்கிறவருக்கே உரிமையாக்கும் சட்டம் 1971-இல் ஏன் தேவைப்பட்டது என்று நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் அவன் வீட்டுப் பரணில் கிடந்த மரக்காலைத் தூக்கிக்கொண்டு வந்தான். விளிம்பில் பித்தளைப் பூண். திருப்பிப் பார்த்தால் அரசு முத்திரை இருந்தது. அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "பாருங்கள் சார், எங்கள் தாத்தா சரியாகத்தான் அளந்திருக்கிறார்" என்றான். நானும் ஆமாம் என்றேன். அவருடைய நேர்மையைச் சந்தேகிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. மரக்கால் பெஞ்சு பெஞ்சாகக் கைமாறியது. அந்தப் பாட்டியின் பேத்தி அதை வாங்கி, முத்திரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்:

"சார், இந்த முத்திரை எந்த வருஷம் குத்தினது?"

உடனடிக் காரணம் யாது என்ற கேள்வி இருந்த இடத்தில் அவளுடைய கேள்வியைப் போடுங்கள். ஒரு மதிப்பெண் போதாது. ஐந்து மதிப்பெண்ணாவது கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன்